கங்காஸ் வீட்டுச் சனிக்கிழமைகள்

ரெய்னோ கங்காஸின் குடும்பத்துக்குப் பதினோரு வருஷம் சனிக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வந்து இருட்டும். அவர்கள் சாப்பிட்டுப் படுப்பார்கள். கண் விழித்தால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், மேட்டுத் தேவாலயத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கும். இடையில் ஊரில் மற்ற எல்லோருக்கும் ஒரு முழுச் சனிக்கிழமை நடந்து முடிந்திருக்கும். உள்ளதைச் சொன்னால் எல்லாச் சனிக்கிழமையும் தவறிவிடவில்லை. நவம்பரில் ரெய்னோ மான் வேட்டைக்குக் காட்டுக்குப் போய்விடும் இரண்டு வாரம் அந்த வீட்டுக்கும் சனிக்கிழமை வந்தது. மற்றபடி இல்லை. மிச்சிகனின் வடகோடியில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் பெல்டோலாவில் எல்லோருக்கும் இது தெரியும். தபால்காரர் அந்த வீட்டுச் சனிக்கிழமைக் கடிதங்களைத் திங்கட்கிழமை கொடுத்துவிடுவார்.

அது தொடங்கியது 1961 செப்டம்பரில். ரெய்னோ காகித ஆலைக்கு மரம் வெட்டுகிறவன். நல்ல உழைப்பாளி, கோடாரி பிடித்தால் இரண்டு ஆள் வேலை செய்வான். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அர்வோவின் மதுக்கடை இருந்தது. அன்று அங்கே மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒழுகிய கூரைக்குக் கீழே அவன் மனைவி ஹெல்மி வைத்திருந்த வாளியைப் பார்த்து மனம் கலங்கிப்போனான். “ஹெல்மி, இந்தச் சனிக்கிழமை கூரையைப் பூராவும் மாத்திடறேன். இனி நீ வாளிய தொடவே வேண்டாம்” என்றான். பத்து வருஷமாக இப்படிப் பல சனிக்கிழமைகளைச் சொல்லியிருந்தான். அதுவரை சனிக்கிழமை வரும், வேலைதான் நடக்காது. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். அந்த வாரம் பேச்சு போகவில்லை, விடிவதே போய்விட்டது.

முதலில் கண்டுபிடித்தது அவர்களுடைய பசு. அது தொழுவத்தில் நின்றதால் அதற்குச் சனிக்கிழமை தவறவில்லை. கறக்க ஆளில்லாமல் காலையிலிருந்து கத்திய கத்தலில் அடுத்த வீட்டு சைமா வந்து பார்த்தாள். சைமா புருஷனை இழந்தவள், வாய் நீளம், கை அதைவிட நீளம். யார் வீட்டு அடுப்பானாலும் ஏற்றிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள். கங்காஸ் வீட்டுக் கதவுக் குமிழ் அவள் கையில் சுழன்றதே தவிர கதவு திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் உள்ளே பால் ஊற்றி வைத்ததுபோல் வெளுத்திருந்தன. பசுவைக் கறந்து, பாலைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். மறுநாள் ஹெல்மி பதறிக்கொண்டு வந்தாள்.

“நேத்து எங்கடி போனீங்க குடும்பத்தோட?”

“நேத்தா? நேத்து சாயங்காலம் நீ நூல்கண்டு கேட்டு வந்தியே, சைமா.”

“அது முந்தாநாள்டி.”

இரண்டு பேரும் காப்பி வைத்துக் குடித்தார்கள். அடுத்த மாதமே பசுவை விற்றுவிட்டார்கள்.

பசு போனாலும் பேச்சு நிற்கவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் சனிக்கிழமை என்பது சவுனாவின் நாள். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் தனியாக ஒரு மரக்கொட்டகை உண்டு. அதில் கல்லைச் சுட வைத்து, நீரைத் தெளித்து, ஆவியில் வேர்த்துக் குளித்து, ஒரு வாரத்து அழுக்கையும் கோபத்தையும் கழுவிவிட்டு ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போவோம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுச் சவுனாவில் புகை எழவில்லை என்றால், அந்த வீட்டில் சாவு என்று பக்கத்துக்காரர்கள் ஓடுவார்கள். கங்காஸ் குடும்பம் மூன்று ஞாயிறு குளிக்காமல் வந்து உட்கார்ந்தது. நான்காவது வாரத்திலிருந்து ஹெல்மி வெள்ளிக்கிழமையே சவுனாவை மூட்டினாள். வெள்ளிக்கிழமைக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. அதை அவள் பொறுத்துக்கொண்டாள். வேறு வழியும் இல்லை.

காரணம் என்ன என்பதை ஹெல்மி குளிர்காலம் முடிவதற்குள் புரிந்துகொண்டாள். சனிக்கிழமைமேல் குற்றமில்லை. ரெய்னோ எந்த நாளைச் சொல்லி ஒன்றைச் செய்வதாக வாக்குக் கொடுக்கிறானோ அந்த நாள் அந்த வீட்டுக்கு வராது. மற்ற நாட்களில் காட்டில் வேலை என்பதால் எல்லாவற்றையும் சனிக்கிழமைக்கு ஒதுக்கினான், அவ்வளவுதான். புதன்கிழமை மாமியாருக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று ஒரு தடவை சொன்னான், புதன்கிழமை போயிற்று. 1966 மார்ச்சில், முழங்காலில் அடிபட்டு வீட்டில் இருந்தபோது, குற்ற உணர்ச்சி தாங்காமல் ஒரே மூச்சில் திங்களன்று அலமாரி, செவ்வாயன்று குழாய், புதனன்று படகு என்று ஆறு நாளுக்கும் ஆறு வேலை சொல்லிவிட்டான். வீடு ஞாயிற்றிலிருந்து ஞாயிற்றுக்குத் தாவியது. அவர்களுடைய மகள் இர்யாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் ஆப்சென்ட் விழுந்தது.

அவன் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லும்போது அதை மனதார நம்பினான். படகு என்று சொன்னால் அவன் கண்ணில் படகு தெரியும், அதில் ஹெல்மி மடியில் கூடையோடு உட்கார்ந்திருப்பதும் தெரியும். பொய் சொல்கிறவனோடு வாழ்ந்துவிடலாம், அவன் பேச்சைத் தள்ளிவிட்டுப் போகலாம். இவனைத் தள்ள முடியவில்லை. அதைவிட மோசம், ஹெல்மியும் நம்பினாள். தொழுவத்தில் நாள் தவறவில்லை, சவுனாவில் தவறவில்லை, பக்கத்து வீட்டில் தவறவில்லை. வெள்ளிக்கிழமை இரவு அந்த ஒரு கூரையின் கீழ் படுக்காமல் இருந்தால் போதும், சனிக்கிழமை கிடைத்துவிடும். இது தெரிந்தும் ஏன் அங்கேயே படுத்தாள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. இந்த வாரம் செய்துவிடுவான் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தோன்றியதால் படுத்தாள். இன்னொரு பயமும் இருந்தது. தான் கூட இல்லாவிட்டால் அவன் தனியாக எந்த நாளுக்குள் போய் விழுவான், ஞாயிற்றுக்கிழமை அந்த வீடு அவனைத் திருப்பிக் கொடுக்குமா? யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

குழந்தையை மட்டுமாவது வெள்ளிக்கிழமை இரவு தன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி சைமா வற்புறுத்தினாள். ஒருமுறை இர்யாவின் தலையணையைக்கூடத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பத்து வயது இர்யா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, “நான் வரமாட்டேன். அப்பா நாளைக்கு ஸ்கேட்டிங் கத்துத் தரேன்னு சொல்லியிருக்காரு” என்றாள். சைமா தலையணையைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை ஸ்கேட்டிங் தெரியாது.

அதன்பின் ஹெல்மியின் வாழ்க்கை முழுவதும் அவன் வாயைக் காவல் காப்பதாகிவிட்டது. அவன் குரல் எப்போது கனியும், எப்போது நாற்காலியில் முன்னால் சாய்ந்து உள்ளங்கையை மேசையில் வைப்பான் என்று அவளுக்கு அத்துப்படி. “வர்ற” என்று ஆரம்பித்தால் தட்டைக் கீழே போடுவாள், ரேடியோவைப் போடுவாள், வாயில் ஏலக்காய் ரொட்டியைத் திணிப்பாள். ஒரு தடவை பாதி வாக்கியத்தில் பிடித்துவிட்டாள். அந்த வாரம் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வந்தது. நாள்காட்டியை எடுத்து மாவு டப்பாவுக்குள் ஒளித்தாள். வீட்டில் எந்தத் திட்டத்தையும் அவனுக்குத் தெரியாமல் போட்டாள்; பல் டாக்டர், பள்ளிக்கூட விழா, விறகு வாங்குவது எல்லாம் களவு செய்வதுபோல நடந்தது. ஊரும் அவளுக்கு ஒத்துழைத்தது. எங்கள் ஆட்கள் பிறவியிலேயே யாரையும் எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். ரெய்னோவிடம் ஏதாவது வேலை ஆக வேண்டும் என்றால் “உனக்கு எப்ப முடியுமோ அப்ப” என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்போம். அவன் மனம் நோகக் கூடாது என்று செய்தோம். அதனால் அவனை யாரும் ஒன்றும் கேட்காமலே பல வருஷம் போயிற்று என்பதும் உண்மை. அது உதவியா உபத்திரவமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் வீட்டில் சில சௌகரியங்களும் இருந்தன. சனிக்கிழமைப் பனி அந்தக் கூரையில் விழாது. வீடு இருந்த இடத்தைச் சுற்றி விழுந்துவிட்டுப் போகும். “ஏழில் ஒரு பங்கு பனி எனக்கு மிச்சம்டா, நீங்க அள்ளிக்கிட்டே கிடங்க” என்று ரெய்னோ மதுக்கடையில் பெருமை அடிப்பான். வாரத்தில் ஆறு நாள்தான் குடிக்கிறேன் என்றும் சொல்வான், அதுவும் பொய்யில்லை. ஹெல்மிக்கு முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. வருஷத்துக்கு ஐம்பது நாள் வீதம் வயது குறைந்துகொண்டே போனால் எப்படிச் சுருங்கும்? தேவாலயத்துப் பெண்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஒரு சனிக்கிழமைக்காக அவள் பத்துச் சுருக்கம் தந்திருப்பாள்.

இர்யா பதினெட்டு வயதில் மார்க்கெட் என்று பெயர் கொண்ட நகரத்துக்குப் போய் ஒரு மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தாள். முதல் வாரம் எழுதிய கடிதத்தை ஹெல்மி சைமாவிடம் காட்டினாள், சைமா எல்லோரிடமும் சொன்னாள். “அம்மா, சனிக்கிழமை ரொம்பச் சாதாரணமா இருக்கு. கடையில கூட்டம். ஒரு பெரியவர் நாயைக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தாரு. அவ்வளவுதான். நான் பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்து அழுதேன்” என்று எழுதியிருந்தாள்.

1972இல் அந்த இர்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை டாரில், கீழ் மிச்சிகனில் கார்த் தொழிற்சாலை ஊரைச் சேர்ந்த பையன். அவனுடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் திங்கள் காலை ஆலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். ஆகவே கல்யாணம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, மார்க்கெட் நகரத்தில். இர்யா ஞாயிற்றுக்கிழமை கேட்டு மன்றாடிப் பார்த்தாள், நடக்கவில்லை. “அப்பாவும் வரணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா அவர் வரேன்னு வாயத் திறந்து சொல்லிட்டா நீயும் வரமாட்டே. எப்படியாவது பாத்துக்கோம்மா” என்று எழுதினாள். ஒரே மகளின் கல்யாணத்தைக் கண்ணால் பார்ப்பதா இல்லையா என்பது ஒரு குடிகாரன் வாயிலிருந்து எந்தச் சொல் விழும் என்பதில் தொங்கியது.

ஹெல்மி திட்டம் போட்டாள். ரெய்னோவிடம் கல்யாணம் என்று மட்டும் சொன்னாள், நாளைச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், மதுக்கடைப் பக்கம் திரும்புவதற்குள், சைமாவின் காரில் அவனை ஏற்றிவிடுவது. விஷயம் தெரிவதற்குள் மார்க்கெட் நகரம் போய்ச் சேர்ந்து இர்யாவின் அறையில் படுத்துவிடுவது. அந்த ஆறு வாரமும் ஹெல்மிக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடைய கோட்டைத் தைப்பதற்குக்கூட அவன் வேலைக்குப் போனபிறகுதான் எடுத்தாள். வாசலில் யாராவது வந்தால் ஓடிப்போய் முன்னால் நின்றாள். ரெய்னோ தும்மினால்கூட ரேடியோவைப் போட்டாள்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் வாயை விடவில்லை. கெடுத்தது மரியாதை. கல்யாணத்துக்கு முந்திய புதன்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வெர்னா, சம்பந்தியிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று டெலிபோன் செய்தாள். எங்கள் சாலையில் ஐந்து வீட்டுக்கு ஒரே கம்பி. யாருக்கு மணி அடித்தாலும் ஐந்து பேரும் எடுத்துக் கேட்கலாம். கேட்கக் கூடாது என்பது ஒழுக்கம், கேட்பது வழக்கம். ஹெல்மி கொல்லையில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள். மழை பெய்ததால் காட்டு வேலை இல்லாமல் ரெய்னோ மதியத்திலேயே வீட்டில் இருந்தான், இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது. ரிசீவரை எடுத்தது அவன்தான்.

வெர்னா வானிலையைப் பற்றிப் பேசினாள், கேக்கைப் பற்றிப் பேசினாள். மற்ற நான்கு வீடுகளிலும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள், “அப்போ சனிக்கிழமை பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது நீங்கதானே, மிஸ்டர் கங்காஸ்?” என்று கேட்டாள். சைமா பலமாக இருமினாள். அர்வோவின் மனைவி தன் ரிசீவரைக் கரண்டியால் தட்டினாள்.

“லைன்ல யாருக்கோ உடம்பு சரியில்ல போல” என்றாள் வெர்னா.

“அது கிடக்கட்டுங்க, இங்க எப்பவும் அப்படித்தான்” என்றான் ரெய்னோ. அவன் குரல் கனிந்துவிட்டது. “கவலையே படாதீங்க. சனிக்கிழமை பதினோரு மணிக்கு நான் அங்க நிப்பேன். என் பொண்ண என் கையால கூட்டிட்டு வருவேன். இது சத்தியம்.”

ஈரப் போர்வையோடு ஹெல்மி சமையலறைக்குள் ஓடிவந்தபோது அவன் கடைசிச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் ஒவ்வொருவராக ரிசீவரை வைத்தோம். அந்த நான்கு ‘க்ளிக்’ சத்தங்களும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ரெய்னோ குடிப்பதை நிறுத்தினான். வியாழக்கிழமை அர்வோவின் கடை வாசலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்து வீட்டுக்குப் போனான். கடைக்குள் இருந்தவர்கள் எழுந்து ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள். வெள்ளியன்று வேலைக்குப் போகவில்லை. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது, வேர்த்துக்கொட்டியது, காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் சிந்தினான். சட்டையைத் தானே இஸ்திரி போட்டான். ஷூவுக்குப் பாலிஷ் போட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்தான். நாலு மணிக்கு சைமாவின் கார் வாசலில் உறுமிக்கொண்டு நின்றபோது அவன் சமையலறை நாற்காலியில், கைகளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு திறந்திருந்ததால் உள்ளே பேசியது முழுவதும் சைமாவுக்குக் கேட்டது.

“நீயும் இப்பவே கிளம்பு, ரெய்னோ. கார்ல இடமிருக்கு.”

“சனிக்கிழமைன்னு சொல்லியிருக்கேன். சனிக்கிழமைதான் வருவேன். ஒரே ஒரு தடவை, சொன்ன நாள்ல சொன்னத செஞ்சு பாக்கணும் எனக்கு. இன்னிக்கே போனா அதுக்குப் பயந்து ஓடுற மாதிரி.”

“அது வராது.”

“தூங்கினாத்தானே வராம போகுது? நான் தூங்கப்போறதில்ல. இந்த நாற்காலியவிட்டு எழுந்திருக்க மாட்டேன். ராத்திரி பூரா கண்ண முழிச்சு, வந்ததும் பிடிச்சு உள்ள இழுத்துடறேன். நீ பக்கத்துல இரு, ஹெல்மி. போதும்.”

இத்தனை வருஷத்தில் அவன் நாக்குக் குழறாமல் கொடுத்த முதல் வாக்கு அதுதான். ஹெல்மி பையைக் கீழே வைத்தாள். சைமா எஞ்சினை அணைத்தாள், பிறகு கோபத்தில் மறுபடி கிளப்பினாள். நடுங்குகிற மனுஷனைத் தனியாக விட்டுவிட்டுப் போவதா? அடுப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்? இரவில் வலிப்பு வந்தால்? ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்போது வீடு இருக்குமா, வீட்டுக்குள் இவன் இருப்பானா? அந்தக் கேள்விகளை ஹெல்மி அப்போது கேட்டுக்கொண்டதாக அல்ல, பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததாகப் பிறகு சொன்னாள். அடுப்பில் மூன்று பெரிய கட்டைகளை வைத்தாள். ஒரு ஜாடியில் தண்ணீரை நிரப்பி அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். போர்வையை அவன் தோளில் போர்த்தினாள். பிறகு பையை எடுத்தாள்.

“என்னை நம்பலையா?” என்றான் ரெய்னோ.

“நம்புறேன். அதனாலதான் போறேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்னா உட்கார்ந்துடுவேன்.”

காரில் ஏறிய பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதே என்று சைமா அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். ஒரு கையால் காரையும் ஓட்டியிருக்கிறாள்.

சனிக்கிழமை ஹெல்மிக்கு ஏழு மணிக்கு விடிந்தது. தூறல், பழுப்பு வெளிச்சம், தெருவில் யாரோ குப்பைத் தொட்டியை இழுக்கும் சத்தம். ஜன்னலருகே வெகுநேரம் நின்றாள். பதினோரு மணிக்குத் தேவாலய வாசலில் இர்யா வெள்ளை உடையில், சாலையை ஒரே ஒரு தடவை பார்த்தாள். இப்போதும் ஒரு கார் வந்துவிடும் என்பதுபோல ஹெல்மியும் பார்த்தாள். வெர்னா கைக்குட்டையை எடுத்தாள். பிறகு ஹெல்மி மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அவளுடைய நடை சற்று வேகமாக இருந்தது என்பதைத் தவிர எல்லாம் முறையாகவே நடந்தது. கேக் சாப்பிட்டாள், ஒருமுறை ஆடினாள், சிரிக்கவும் செய்தாள். நடுநடுவே அடுப்புக் கட்டைகளை நினைத்துக்கொண்டாள். பெல்டோலாவில் அன்று கங்காஸ் வீட்டு ஜன்னல்கள் எப்போதும்போல் வெளுத்துத்தான் இருந்தன. அர்வோ போய்க் குமிழைத் திருகிப் பார்த்தான். சுழன்றது, திறக்கவில்லை. ஒரு காதை வைத்துக் கேட்டான், ஒன்றும் இல்லை. அன்று விழுந்த முதல் பனியில் அரை விரல்கூட அந்தக் கூரையில் தங்கவில்லை.

ஞாயிறு காலை சைமாவின் கார் திரும்பி வந்தது. வளைவில் திரும்பும்வரை ஹெல்மி கண்களை மூடிக்கொண்டிருந்தாள். வீடு இருந்தது. புகைபோக்கியில் புகை இருந்தது. வாசல்படியில் ரெய்னோ நின்றுகொண்டிருந்தான்: தைத்த கோட்டு, இஸ்திரி போட்ட சட்டை, இறுக்கிய டை, பளபளக்கும் ஷூ, வெட்டுப்படாமல் மழித்த முகம். கையில் அவர்களுடைய பழைய காரின் சாவி. ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. அவன் சொன்னபடியே நாற்காலியைவிட்டு நகராமல், கண்ணை மூடாமல், ஒரு முழு இரவு உட்கார்ந்திருந்தான். வெளியே வெளுத்ததும் எழுந்து முகம் மழித்தான். வெளுத்தது ஞாயிற்றுக்கிழமை. அது அவனுக்கு எப்படித் தெரியும்? மேட்டில் மணி அடித்ததுகூட அவன் காதில் ஏறியிருக்காது.

“நல்லவேளை, திரும்பி வந்துட்டே” என்றான். “வா, வா, நேரமாயிடுச்சு. பதினோரு மணிக்கு நாம அங்க நிக்கணும். பாத்தியா, நான் தூங்கவே இல்ல. ஒரு நொடிகூட.”

ஹெல்மி காரிலிருந்து இறங்கினாள். அவளுடைய மேல்கோட்டில் கல்யாணத்துக்குக் குத்திய வெள்ளைப் பூ வாடித் தொங்கியது. அவன் அதைப் பார்த்தான். மேட்டில் வழிபாடு முடிந்து மக்கள் இறங்கி வருவதைப் பார்த்தான். மறுபடி பூவைப் பார்த்தான்.

“முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சிடுச்சு.”

“யார் கூட்டிட்டுப் போனா?”

“நான்தான்.”

அவன் கோட்டு கசங்காமல் பார்த்துப் படியில் உட்கார்ந்தான். “நான் தூங்கல, ஹெல்மி” என்றான். “தெரியும்” என்றாள் ஹெல்மி. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தேவாலயத்திலிருந்து வந்த நாங்கள் சாலையின் அந்தப் பக்கமாக ஒதுங்கி, வானத்தைப் பார்த்துக்கொண்டு போனோம். பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டோம் என்று எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவன் அழுதான். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான், குரல் கனிந்தது. “வர்ற சனிக்கிழமை” என்றான், “நாம ரெண்டு பேரும் காலையிலேயே கிளம்பிப் போய் இர்யாவையும் மாப்பிள்ளையையும் பாத்துட்டு, வர்ற வழியில ஏரிக்கரையில உட்கார்ந்து சாப்பிட்டுட்டு…” ஹெல்மி அவனை நிறுத்தவில்லை. கடைசிவரை சொல்ல விட்டாள். எந்த இடத்தில் உட்கார்வது, என்ன எடுத்துப்போவது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். “சரி, ரெய்னோ” என்றாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்குச் சாப்பாடு போட்டு, அடுப்பில் மூன்று கட்டைகள் வைத்துவிட்டு, ஒரு மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு கொல்லையில் இருந்த சவுனாவுக்குப் போய்ப் படுத்தாள். மறுநாள் சவுனாவின் சிறிய ஜன்னலில் சனிக்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் கங்காஸ் வீட்டுச் சவுனாவில் புகை எழுந்ததைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று நாலு பேர் ஓடினோம். தலைமுடியில் நீர் சொட்ட ஹெல்மி கதவைத் திறந்து, காப்பி வேண்டுமா என்று கேட்டாள்.

ரெய்னோ பிறகும் குடித்தான். இரண்டு தடவை நிறுத்தினான், ஒரு தடவை ஏழு மாதம். அந்த ஏழு மாதத்திலும் அவன் வாக்குக் கொடுப்பதை நிறுத்தாததால் சனிக்கிழமைகள் திரும்பவில்லை. ஹெல்மிக்கு நாற்பதாவது சனிக்கிழமைக்குள் கண்ணோரம் முதல் சுருக்கம் விழுந்தது, அதை அவள் சைமாவிடம் விரலால் தொட்டுக் காட்டினாள். இர்யாவின் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வந்து, பாட்டியோடு சவுனாவில் குளித்து, கொல்லைப் பக்கத்து வெளுத்த ஜன்னல்களில் விரலால் படம் வரைந்து விளையாடினார்கள்; அவர்களுக்கு அது ஒரு வீட்டுக்கு இருக்கக்கூடிய இயல்பான நிறம். ஹெல்மி அன்று முழுவதும் தன் வேலைகளைப் பார்ப்பாள், தேவாலயத்துப் பெண்களோடு ரொட்டி சுடுவாள், கடைக்குப் போவாள். கவலை முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. நடுவில் ஒரு தடவையாவது வந்து கதவுக் குமிழைத் திருகிப் பார்ப்பாள். யாராவது புதிதாக ஊருக்கு வந்தவர்கள், உன் வீட்டுக்காரர் எங்கே, பார்க்கவே முடியவில்லையே என்று கேட்டால், “வீட்டுலதான் இருக்கான். நாளைக்கு வருவான்” என்பாள். மறுநாள் மணி அடிக்கும்போது கதவைத் திறந்துகொண்டு, இன்று சனிக்கிழமை என்ற நினைப்பில், ரெய்னோ வருவான்.